எல்லாக் குழல்களும் பேசுகின்றன

பலேர்மோ
4 செப்ரெம்பர் 2023

மதிப்புக்குரிய சவரிராயன் ஐயா,

என் பெயர் ஜெனுஷா. வயது பதின்மூன்று. ஒக்ரோபர் எட்டாம் திகதி நீங்கள் ஓர்கன் வாசிக்கப் போகும் கோயிலைச் சனிக்கிழமைகளில் துடைப்பது என் அம்மா. உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் இதைக் கிழித்துவிடுங்கள். தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இது வேறு யாருடைய கையில் கிடைத்தாலும் அவர்களுக்கு விளங்கக்கூடாது.

கோயில் கதவில் உங்கள் படத்துடன் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. "பிரெஞ்சு ஓர்கன் கலைஞர் கிரிஸ்தியான் சவரிராயன், எழுதி வைக்காமல் அந்த இடத்திலேயே இசை செய்பவர்" என்று போட்டிருக்கிறது. கோயிலில் உதவியாளராக இருக்கும் ஏர்னஸ்ற் மாமா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிரெஞ்சுக்காரனாம்! பேருக்குள்ளையே சாம்பார் மணக்குது. பிள்ளை, இவர் எங்கட ஆள்தான்" என்றார். அதனால்தான், அறிவித்தலில் போட்டிருந்த உங்கள் ஊர்க் கோயிலின் பெயருக்கு இதை எழுதத் துணிந்தேன்.

நான் ஓர்கனை உடைத்துவிட்டேன்.

ஓகஸ்ட் பத்தொன்பதாம் திகதி. அம்மா கீழே தரை துடைத்துக்கொண்டிருந்தார். ஓர்கன் பெட்டிக்குள் போகும் சின்னக் கதவின் திறப்பு ஏர்னஸ்ற் மாமாவிடம்தான் இருக்கும். அன்று அவர் அம்மாவை நம்பித் திறப்புக் கோர்வை முழுவதையும் கொடுத்துவிட்டு வெளியே போயிருந்தார். அதை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அப்படிப் போனது அதுதான் முதல் தடவை என்று பொய் சொல்ல மாட்டேன். நான்காவது தடவை. உள்ளே ஒரு பலகை இருக்கிறது. அதில் இருந்தால் சுற்றிவர நூற்றுக்கணக்கான குழல்கள், ஒன்றும் என்னைக் கேள்வி கேட்காது. என் வகுப்பில் என்னுடன் கதைத்தவள் நடாலி ஒருத்திதான். அவளுடைய வீட்டார் ஜூனில் ஜெனோவாவுக்குப் போய்விட்டார்கள்.

அம்மா கூப்பிட்டார். அவசரத்தில் எழுந்தேன், கால் சறுக்கியது, கையால் பிடித்தேன். பிடித்தது குழல்களை. அவை இரும்பு என்று நினைத்திருந்தேன். மெழுகுதிரி மாதிரி மடிந்தன. நிமிர்த்தப் பார்த்தபோது அடியில் கிழிந்தன. நான்கு குழல்கள், பக்கத்துப் பக்கத்தில் நின்றவை, என் சின்னவிரலைவிடச் சற்றுத் தடிப்பு. அவற்றின் கழுத்தில் ஃபா, சோல், லா, சி என்று சுரப் பெயர்களை ஆணியால் கீறியிருந்தது. திரும்ப ஓட்டைகளில் நட்டு வைத்தேன். பார்த்தால் தெரியாது.

இந்தக் கோயிலில் பூசைக்குக் கிற்றார்தான். ஓர்கனைப் பெருநாளுக்குத்தான் திறப்பார்கள். ஆகையால் இதுவரை ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் வந்தால் தெரிந்துவிடும். இருநூற்றைம்பது வருடத்து ஓர்கன், அரசாங்கப் பதிவில் உள்ளது. அதில் கை வைத்தால் கோயில்காரர் கட்டாயம் அறிவிக்க வேண்டுமாம், பொலிஸ் கந்தோருக்கு, கெஸ்தூராவுக்குப் போகுமாம். இந்த நாட்டில் இருக்க அம்மாவுக்குக் கொடுத்த பெர்மெஸ்ஸோவை இந்த வருடம் புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு அப்பா இல்லை.

அந்த நான்கு குழல்களையும் தொடாமல் உங்களால் வாசிக்க முடியுமா?

வீட்டு விலாசத்தைக் கடித உறையில் எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு நான் இரண்டரைக்கு வருவேன், அம்மா ஏழுக்குத்தான் மொண்டெல்லோவில் தான் வேலை செய்யும் சிஞ்ஞோராவின் வீட்டிலிருந்து வருவார். தபால்பெட்டியின் திறப்பு என்னிடம். தொலைபேசியில் எழுத முடியாது, அதை அம்மா பார்ப்பார். இப்போது அம்மா நித்திரை. குளியலறையில் இருந்து எழுதுகிறேன்.

பயத்துடன்,
ஜெனுஷா


நார்மண்டி
13 செப்டம்பர் 2023

அன்புள்ள ஜெனுஷா,

தமிழ் படிப்பேன். புதுச்சேரியில் பிறந்தவன். எனக்கு எட்டு வயதாகும்போது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த அப்பா எங்களை இங்கே அழைத்து வந்தார். என் அக்கா ஊரிலேயே தங்கிவிட்டாள். ஐம்பது ஆண்டுகள் அவளுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவள் போய்விட்டாள். அதன் பிறகு தமிழில் எனக்கு வந்த முதல் கடிதம் உன்னுடையது. அதில் இருப்பது ஒரு குற்ற ஒப்புதல் என்றாலும் இரண்டு முறை படித்தேன்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். முடியும்.

நான் செய்யும் வேலை என்னவென்று உனக்குச் சொன்னால்தான் பயம் தெளியும். முப்பத்தோரு ஆண்டுகளாக இந்தச் சிறு ஊர்க் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறேன். பூசையில் மக்கள் நற்கருணை வாங்க வரிசையில் வருவார்கள். ஒரு நாள் நூறு பேர், ஒரு நாள் பன்னிரண்டு பேர். கடைசி ஆள் போய் உட்காரும்போது இசை முடிந்திருக்க வேண்டும், அறுபட்டது போலவும் இருக்கக் கூடாது. எழுதி வைத்த இசையில் இதைச் செய்ய முடியாது. கைக்கு வந்ததை அப்போதே கட்டுவோம். அதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. இளவயதில் பாரிசில் ஒரு போட்டியில் மூடிய உறையில் ஒரு மெட்டைக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்து ஒரு மணி நேரத்தில் அதை அரை மணிக் கச்சேரியாக்க வேண்டும். இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவன் அப்போதே சொன்னான், "கிரிஸ்தியான், நீ ஒரு கட்டை இல்லாத வாத்தியத்திலும் தப்பிப்பாய்" என்று. புகழ்ந்தானா, குத்தினானா என்று இன்றுவரை தெரியாது.

நீ நான்கு குழல்களின் பெயரையும் எழுதியது நல்ல காரியம். ஆர்கனில் கட்டைகள் நிற்கும் வரிசையில் குழல்கள் நிற்பதில்லை. ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்து, பாதியை இடப்பக்கமும் பாதியை வலப்பக்கமும் நிறுத்துவார்கள். அதனால் நீ அடுத்தடுத்து உடைத்த நான்கும் கட்டையில் ஒன்று விட்டு ஒன்றாக வரும். இடையில் உள்ளவை எனக்குப் போதும். ஒவ்வொரு குழல் வரிசையையும் திறக்க ஒரு கைப்பிடியை இழுக்க வேண்டும்; உன் குழல்கள் நிற்கும் வரிசையை நான் இழுக்காமலே விட்டால் உங்கள் ஊரார் கேட்பார்கள், ஏனென்றால் அந்த ஆர்கனின் பேரே அந்தக் குழல் வரிசையால்தான். ஆகவே இழுப்பேன். வாசிப்பேன். யாருக்கும் தெரியாது.

நீ தூங்கு.

கிரிஸ்தியான் சவரிராயன்


பலேர்மோ
22 செப்ரெம்பர் 2023

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு தரம் வாசித்துவிட்டு, அறிவியல் புத்தகத்தின் உறைக்குள் வைத்திருக்கிறேன். நேற்று முதல் தடவை இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். அம்மா, "என்னடி, காய்ச்சல் விட்டுட்டுதோ?" என்றார். எனக்குக் காய்ச்சல் என்று அவர் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அன்று என்னைத் தேட வேண்டாம். மூன்றாவது தூணுக்குப் பின்னால் இருப்பேன். எங்கள் வீடு இருக்கும் பிரான்காச்சோவிலிருந்து பஸ் பிந்தினால் நின்றுகொண்டு கேட்பேன். ஏர்னஸ்ற் மாமாதான் உங்களை மேலே கூட்டிக்கொண்டு போவார். கட்டையானவர், பகிடி விடுவார். அவர் பகிடி விட்டால் கொஞ்சம் சிரியுங்கள். அவர்தான் எங்களை இந்த ஊருக்கு எடுத்தவர், அம்மாவுக்கு இரண்டு வேலையும் பிடித்துத் தந்தவர். மன்னாரில் அம்மாவின் வீட்டுக்கு அடுத்த வளவு அவருடையது.

ஜெனுஷா


கப்பலில்
9 அக்டோபர் 2023

அன்புள்ள ஜெனுஷா,

ஜெனோவா போகும் கப்பலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் விமானம் ஏறுவதில்லை, காது அடைத்துக்கொள்ளும். துறைமுகத்தில் உங்கள் மலை மெல்லப் பின்னால் போனது. வழியனுப்ப யாரும் இல்லாததால் கடைசிவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டாயா? கேட்டிருப்பாய். பங்குச் சாமியார் மூடிய உறையில் கொடுத்த மெட்டு உங்கள் ஊர்ப் பழைய மாதா பாட்டு. அதில் அந்த நான்கு சுரமும் வந்து நின்றன. அந்தச் சுரம் வரும் இடத்திலெல்லாம் பாட்டை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினேன், அடுத்த சுரத்தில் மேலே ஏற்றினேன். முடிந்ததும் ஒரு அம்மையார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் விழுந்து விழுந்து எழுவது போல் இருந்தது என்றார். அந்த வரிசையை இவ்வளவு அழகாக யாரும் பேச வைத்ததில்லையாம். உன்னால் எனக்குக் கிடைத்த பாராட்டு அது.

உன் ஏர்னஸ்ட் மாமாவின் நகைச்சுவைக்குச் சிரித்தேன். மாடப்படியில் ஏறும்போது, "ஐயா, இந்தக் கிழவனுக்கு இருமல் இருக்கு, பாத்துத் தட்டுங்கோ" என்றார். ஆர்கனைத்தான் சொன்னார் என்று புரிய நேரமானது. நான் வாசித்து முடிக்கும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மேலே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. வந்து வாசிப்பவர்கள் ஆர்கனின் நிலையை அதில் எழுதிக் கையெழுத்திடுவது வழக்கம். சாமியார் நீட்டினார். "எல்லாக் குழல்களும் பேசுகின்றன" என்று இத்தாலியனில் எழுதித் தேதி போட்டேன். இனி உன்னை யாரும் எதுவும் கேட்க முடியாது.

மூன்றாவது தூணின் பக்கம் நான் திரும்பவே இல்லை. சொன்ன சொல் காப்பாற்றினேன்.

கிரிஸ்தியான் சவரிராயன்


பலேர்மோ
3 நவம்பர் 2023

ஐயா,

பெரிய பிழை நடந்துவிட்டது.

வருடத்துக்கு ஒரு தடவை சுருதி பார்க்க வருபவர் திங்கட்கிழமை வந்தார். பெட்டியைத் திறந்து பத்து நிமிடத்தில் நான்கு குழல்களையும் கண்டுபிடித்துவிட்டார். பங்குச் சுவாமி நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஒக்ரோபர் எட்டாம் திகதி எல்லாக் குழல்களும் பேசியிருக்கின்றன, பிரான்சிலிருந்து வந்த பெரிய கலைஞர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இருநூறு பேர் காதால் கேட்டிருக்கிறார்கள். ஆகவே அதற்குப் பிறகுதான் உடைந்திருக்கிறது. அதற்குப் பிறகு பெட்டியின் திறப்பு ஏர்னஸ்ற் மாமாவிடம் மட்டும்தான் இருந்தது. கச்சேரி முடிந்த அடுத்த நாள், கச்சேரிக்குப் போட்ட பல்புக் கம்பியை எடுக்க அவர் உள்ளே போயும் இருக்கிறார்.

அன்று பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"நான் உடைச்சிருந்தால் உடைச்சனான் எண்டு சொல்லிப்போட்டுப் போவன், புனிதம். உடைக்காததை என்னெண்டு சொல்லுறது?"

அம்மா, "சுவாமிக்கு உம்மைத் தெரியாதோ?" என்றார்.

"தெரியும். பன்ரண்டு வருசமாத் தெரியும். அதுதான் அவருக்குக் கவலையாம். ஒத்துக்கொண்டால் மன்னிப்பாராம். ஒத்துக்கொள்ளாததுதான் பிழையாம்."

டிசெம்பர் முப்பத்தோராம் திகதியுடன் அவருடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருக்குப் பெர்மெஸ்ஸோ இல்லை. பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் ஊருக்குப் போக வேண்டும். அங்கே அவருக்கு ஒருவரும் இல்லை.

போகும்போது என் தலையில் கை வைத்து, "பிள்ளை என்ன வெளிறிப்போய்க் கிடக்குது? நல்லாச் சாப்பிடு" என்றார்.

நீங்கள் அந்த வசனத்தை எழுதாமல் விட்டிருந்தால் இது அவர் தலையில் விழுந்திருக்காது. நான் உங்களிடம் கேட்டது வாசிக்கத்தான். எழுதும்படி நான் கேட்கவில்லை.

என்ன செய்வது என்று உடனே எழுதுங்கள்.

ஜெனுஷா


நார்மண்டி
14 நவம்பர் 2023

அன்புள்ள ஜெனுஷா,

உன் கடிதத்தின் கடைசி வரிகள் நியாயமானவை. வருத்தப்பட்டேன்.

ஆனால் பதற்றத்தில் எதையும் செய்யாதே. உன் மாமா பன்னிரண்டு ஆண்டு உழைத்தவர். சாமியாரின் கோபம் ஆறும், டிசம்பருக்குள் மனம் மாறும். பெரியவர்களின் விஷயம் பெரியவர்களுக்குள் தீர்ந்துவிடும். நீ பேசினால் உன் அம்மாவின் காகிதங்களும் சிக்கும்.

நான் எழுதிச் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். நினைப்பதற்கு முன் இதையும் தெரிந்துகொள். எனக்கு அறுபத்து மூன்று வயது. இரண்டு ஆண்டுகளாக என் காது மேல் சுருதிகளை விட்டுக்கொண்டிருக்கிறது. இந்த ஊரில் சிலர் அதை மோப்பம் பிடித்துவிட்டார்கள். பூசைக்குப் பிறகு ஒரு கிழவர் என் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறார், நான் திரும்புகிறேனா என்று. நான் அந்த நோட்டில் எழுதியது தவறு என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? தெரிந்தே எழுதினீர்களா, கேட்காமல் எழுதினீர்களா? தெரிந்தே என்றால் பொய்யன். கேட்கவில்லை என்றால் செவிடன். பொய்யனுக்கும் செவிடனுக்கும் ஆர்கன் மாடத்தின் சாவியை யாரும் தர மாட்டார்கள்.

எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வாரத்தில் ஆறு நாள் நான் யாருடனும் பத்து வார்த்தை பேசுவதில்லை. ஏழாம் நாள் அந்த மாடத்துக்கு ஏறுகிறேன். முப்பத்தோரு ஆண்டு வாசித்ததில் ஒரு குறிப்புக்கூடத் தாளில் கிடையாது. எல்லாம் அந்த வளைவுகளில் மோதிக் கரைந்துபோனது. என்னிடம் மிச்சம் இருப்பது அடுத்த ஞாயிறு மட்டும்தான்.

ஆகவே பொறு. நானும் பொறுக்கிறேன்.

கிரிஸ்தியான் சவரிராயன்


பலேர்மோ
25 நவம்பர் 2023

ஐயா,

நான் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சுவாமியிடம் போனேன். இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன், ஓகஸ்ட் பத்தொன்பது, திறப்பு, பலகை, நான்கு குழல். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு சிரித்தார். கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். "எர்னெஸ்தோவில் உனக்கு எவ்வளவு பாசம்" என்றார். நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் விரித்து உங்கள் கையெழுத்தில் விரலை வைத்தார். "ஓகஸ்டில் உடைந்த குழல் ஒக்ரோபரில் எப்படிப் பாடும், மகளே? அப்படிப்பட்ட ஒரு கலைஞருக்குக் கேட்காமல் போகுமா?" என்றார். நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களைக் காட்டட்டுமா என்று கேட்டேன். தமிழில் யாரும் எதையும் எழுதலாம் என்றார். மற்றவருக்காகப் பொய் சொல்வதும் பொய்தான், அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லு என்று அனுப்பிவிட்டார்.

நான் உண்மை சொன்னதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமாம்.

அன்றிரவே அவர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். அம்மா கதவைச் சாத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். கட்டிலில் இருந்தார்.

"ஏன்டி போனனீ?"

"நான்தானம்மா உடைச்சனான். உண்மையா நான்தான்."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமோ?"

"அண்டைக்கு உன்ரை சட்டை முழுக்கக் கறுத்த தூசி. கையிலை ஈயக்கறை. தோய்ச்சது ஆர்? நான்தானே. நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன். நீ சொல்லேல்லை. பிறகு, சொல்லாமல் இருக்கிறதுதான் நல்லது எண்டு நினைச்சன்."

"அப்ப ஏர்னஸ்ற் மாமா?"

அம்மா போர்வையை இழுத்துக்கொண்டு, "அவர் ஆம்பிளை. சமாளிப்பார். வாயை மூடிக்கொண்டு படு" என்றார்.

மூன்று மாதமாக நான் அம்மாவுக்கு ஒளித்தேன், அம்மா எனக்கு ஒளித்தார். ஒரே அறையில், ஒரே கட்டிலில். ஏர்னஸ்ற் மாமா அந்த வீட்டில் வந்து தேத்தண்ணியைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது தெரிந்தவர்கள் மூன்று பேர். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். அம்மா சொல்ல மாட்டார். மிச்சம் நீங்கள்.

காது கேட்காததற்கு நான் கவலைப்படுகிறேன். உண்மையாகவே கவலைப்படுகிறேன். ஆனால் உங்களுக்கு அடுத்த ஞாயிறு மிச்சம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏர்னஸ்ற் மாமாவுக்கு ஆறு ஞாயிறுதான் இருக்கிறது.

ஜெனுஷா


பலேர்மோ
11 டிசெம்பர் 2023

ஐயா,

பதில் வரவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டரைக்குப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

நேற்று ஏர்னஸ்ற் மாமா கோயில் அலுமாரியில் இருந்த தன் சாமான்களை ஒரு சூப்பர்மார்க்கெட் பையில் போட்டார். ஒரு சப்பாத்து, ஒரு சவரக் கத்தி, ஒரு மடக்குக் குடை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "பன்ரண்டு வருசம், ஒரு பைக்கை அடங்கிப்போச்சுது பாத்தியோ பிள்ளை" என்று சிரித்தார். அதற்கு நான் சிரிக்கவில்லை.

இதுதான் கடைசிக் கடிதம். நீங்கள் எழுதாவிட்டாலும் உங்களை ஒருவரிடமும் காட்டிக்கொடுக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

ஜெனுஷா


நார்மண்டி
16 டிசம்பர் 2023

அன்புள்ள ஜெனுஷா,

உன் நவம்பர் கடிதம் மேசைமேல் இரண்டு வாரம் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும், இந்த ஒரு ஞாயிறு மட்டும், நாளை எழுதிவிடலாம் என்று சொல்லிக்கொண்டு மாடம் ஏறினேன். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நேற்று உன் பதினொன்றாம் தேதிக் கடிதம் வந்தது. காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். கோபித்துத் திட்டியிருந்தால் இன்னும் ஒரு வாரம் தாங்கியிருப்பேன்.

உனக்கு நான் முழுவதும் சொல்லவில்லை. கச்சேரிக்கு முதல் நாள் ஒத்திகையில் அந்த நான்கு கட்டைகளையும் அழுத்திப் பார்த்தேன். சத்தம் இல்லை. பிறகு பக்கத்தில் நல்ல நிலையில் இருந்த கட்டைகளை அழுத்தினேன். அவற்றிலும் எனக்குச் சத்தம் இல்லை. அந்த வரிசையின் மேல் பாதி முழுவதும் எனக்கு ஊமை. உடைந்தது எது, உடையாதது எது என்று என் காதுக்குத் தெரியவில்லை. அன்று நான் வாசித்தது உன் கடிதத்தை வைத்துக் கட்டைகளை எண்ணி வாசித்தது. தண்ணீர் போல் இருந்தது என்று அந்த அம்மையார் சொன்னாரே, அதை நான் கேட்கவே இல்லை.

இன்று காலை உங்கள் சாமியாருக்கு இத்தாலியனில் எழுதி விரைவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் இந்த ஊர்ச் சாமியாரின் கதவைத் தட்டி, அதையே அவரிடமும் சொன்னேன். அவர் நல்லவர். நாற்காலியை இழுத்துப் போட்டார். கிறிஸ்மஸ் நடுநிசிப் பூசைக்கு வேறு ஆள் கிடைக்காது, அதுவரை வாசியுங்கள், பிறகு பார்ப்போம் என்றார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். உரத்த குரலில் பேசினார். நான் சொல்லி ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் உரத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

உன் அம்மாவைக் கடுமையாக எண்ணாதே. அவள் செய்ததைத்தான் நானும் செய்தேன், அவளுக்கு நீ இருந்தாய் என்ற காரணமாவது உண்டு.

கிரிஸ்தியான் சவரிராயன்


பலேர்மோ
7 ஜனவரி 2024

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் டிசெம்பர் இருபத்தோராம் திகதி சுவாமியின் கையில் கிடைத்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை எங்களைக் கூப்பிட்டார், என்னை, அம்மாவை, ஏர்னஸ்ற் மாமாவை. பூசை உடுப்புகள் வைக்கும் அறையில் மேசையைச் சுற்றி நின்றோம். அவர் நின்றபடியே வாசித்தார்.

"நான் அந்த நோட்டில் எழுதியது பொய். அந்த நான்கு குழல்களும் அன்றும் பேசவில்லை. அது எனக்குத் தெரிந்தது என் காதால் அல்ல, ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு சிறுமி எனக்கு உண்மையை எழுதியதால். என் காதால் அதைக் கேட்டிருக்க முடியாது" என்ற இடம் வந்ததும் அவர் நிறுத்திவிட்டு அதைத் தனக்குள் இன்னொரு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டார். ஏர்னஸ்ற் மாமாவிடமும் கேட்டு, புது ஒப்பந்தத்தை அப்போதே மேசையில் வைத்தார். மாமா கையெழுத்துப் போட்டார்.

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார்கள், தற்செயலாக நடந்தது என்று. அதில் நான் பெயர் எழுதினேன், கீழே அம்மா எழுதினார். கெஸ்தூராவுக்கு ஒருவரும் போகவில்லை. குழல்களைக் கழற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள், உயிர்ப்புத் திருநாளுக்கு முன் திரும்பி வரும். கோயில் துடைக்கும் வேலையை அம்மா தானாகவே விட்டுவிட்டார்.

நத்தார் நடுச்சாமப் பூசையில் நீங்கள் கடைசியாக வாசித்திருப்பீர்கள். அந்த நேரம் நான் இங்கே பூசையில் இருந்தேன். கிற்றார் வாசித்தார்கள். நான் உங்களை நினைத்துக்கொண்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறீர்கள்? விருப்பமென்றால் எழுதுங்கள். காரணம் ஒன்றும் தேவையில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததில் ஒரு பகுதியை இன்னும் எழுதவில்லை. சுவாமி போன பிறகு நாங்கள் மூன்று பேரும்தான் நின்றோம். மாமா அம்மாவைப் பார்த்தார்.

"உனக்கு எப்பவிருந்து தெரியும், புனிதம்?"

அம்மா பொய் சொல்லவில்லை. "தொடக்கத்திலையிருந்து" என்றார்.

மாமா திறப்புக் கோர்வையை மேசையிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு திறப்பாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நீ என்னட்டை வந்து, ஏர்னஸ்ற், பிள்ளை தெரியாமல் உடைச்சுப்போட்டாள், ஒருக்கால் பழியை நீ எடு எண்டு கேட்டிருந்தால், நான்தான் உடைச்சனான் எண்டு அண்டைக்கே சுவாமியிட்டைச் சொல்லியிருப்பன். மன்னிச்சிருப்பார். ஆருக்கும் ஒண்டும் ஆகியிராது. நீ கேக்கேல்லை."

அம்மா மாமாவின் பக்கம் ஒரு அடி வைத்தார்.

நான், "மாமா" என்றேன்.

அவர் லைற்றை நிற்பாட்டினார்.

"பூட்ட வேணும். வெளியிலை போங்கோ" என்றார்.

நாங்கள் வெளியே வந்தோம்.

அன்புடன்,
ஜெனுஷா